குழியைக் குளமாக்கிய மன்னர் திருமலை நாயக்கர்

பத்தாம் வகுப்பு மாணவி

அரண்மனை கட்டிய அரசர்கள் உலகில் பலர். கோட்டை கட்டியவர்களும் பலர். ஆனால், அந்த அரண்மனைக்குச் செங்கல் அறுக்க மண் தோண்டினார்களே, அந்தப் பள்ளம் என்னவாயிற்று என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? வேலை முடிந்ததும் பள்ளத்தை மறந்துவிடுவதே உலக வழக்கம். மழைக்காலத்தில் அதில் சேறு நிற்கும். கோடையில் முள் முளைக்கும். அவ்வாறு மறந்துவிடாமல், தோண்டிய பள்ளத்தை நாடு போற்றும் தெப்பக்குளமாக்கிய பெருமை மதுரை மன்னர் திருமலை நாயக்கரைச் சேரும். மாளிகையால் புகழ் பெற்ற அம்மன்னரின் வாழ்க்கையை நாம் இக்கட்டுரையில் அவருடைய குளத்தின் கரையில் நின்று காண்போம்.

அரியணை ஏறுதல்

விசயநகரப் பேரரசின் ஆளுகைக்கு உட்பட்டு, 1529ஆம் ஆண்டில் விசுவநாத நாயக்கர் தொடங்கிவைத்தது மதுரை நாயக்கர் மரபு. அம்மரபில் வந்த முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கரின் மகனே திருமலை நாயக்கர். இவருடைய அண்ணன் முத்துவீரப்ப நாயக்கர் திருச்சிராப்பள்ளியைத் தலைநகராகக் கொண்டு ஆண்டார். அவருக்குப் பின் 1623ஆம் ஆண்டில் திருமலை நாயக்கர் அரியணை ஏறினார். 1659ஆம் ஆண்டு வரை 36 ஆண்டுகள் அவர் ஆட்சி நடந்தது. விசயநகரப் பேரரசு தளர்ந்துகொண்டிருந்த காலம் அது. எனவே, நாயக்கர்கள் பெயருக்குப் பேரரசின் கீழ் இருந்தாலும் தனியரசர்களைப் போலவே நாட்டை ஆண்டனர்.

திருமலை நாயக்கர் முதலில் செய்த பெருஞ்செயல் தலைநகரை மதுரைக்கு மாற்றியதாகும். இதற்கு ஒரு கதை வழங்குகிறது. மன்னர் நெடுநாள் சளி நோயால் துன்புற்றாராம். மதுரைக்குப் பயணம் செய்யும் வழியில் திண்டுக்கல்லில் தங்கியபோது மீனாட்சி அம்மனும் சுந்தரேசுவரரும் அவர் கனவில் தோன்றி, மதுரையிலேயே தங்கி ஆண்டால் நோய் நீங்கும் என்று கூறித் திருநீறு அளித்தார்களாம். நோய் நீங்கியது, தலைநகரும் மாறியது. கதை எப்படியாயினும், வைகைக் கரையில் இருந்த பழைய பாண்டியர் தலைநகருக்கு அதனால் புதுவாழ்வு கிடைத்தது என்பது உண்மை.

மாசி மாதத்தில் நடந்துவந்த மீனாட்சி திருக்கல்யாணத்தைச் சித்திரை மாதத்திற்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு இணைத்தவர் இவரே என்பர். அறுவடை முடிந்து உழவர்கள் ஓய்ந்திருக்கும் நாட்களில், சைவரும் வைணவரும் ஒரே ஊரில் ஒரே வேளையில் கூடும் பெருவிழா இவ்வாறு உருவாயிற்று. தனித்தனியே நின்ற மக்களை ஓரிடத்தில் கூட்டுவது அம்மன்னருக்குக் கைவந்த கலை. இதனைத் தெப்பக்குளத்திலும் நாம் காணப்போகிறோம்.

முத்துக் கடற்கரையும் மன்னரும்

மதுரை மன்னருக்கும் நம் தூத்துக்குடிக்கும் என்ன தொடர்பு என்று தோழியர் கேட்கலாம். நெருங்கிய தொடர்பு உண்டு. அக்காலத்தில் நம் முத்துக் கடற்கரை மதுரை நாயக்கர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. நம் பரதவ முன்னோர் இடுப்பில் கயிறு கட்டி, கல்லைப் பற்றிக்கொண்டு, மூச்சை அடக்கிக் கடலடியில் இறங்கி எடுத்த முத்துச் சிப்பிகளில் நாயக்க அரசுக்கும் ஒரு பங்கு சென்றது. கடல் வாணிகம் முதலில் போர்த்துக்கீசியர் கையில் இருந்தது. 1658ஆம் ஆண்டில் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தனர். அப்போதும் மதுரையை ஆண்டவர் திருமலை நாயக்கரே.

இன்னொரு தொடர்பும் உண்டு. நம் மாவட்டத்துத் திருவைகுண்டத்தில் பிறந்தவர் குமரகுருபரர். அவர் இயற்றிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் திருமலை நாயக்கர் முன்னிலையில் அரங்கேறியது. அம்மனே ஒரு சிறுமியின் உருவில் வந்து மன்னர் மடியில் அமர்ந்து பாடலைக் கேட்டாள் என்றும், மன்னர் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிப் புலவர் கழுத்தில் இட்டு மறைந்தாள் என்றும் மக்கள் கூறுவர். அது கதைதான். ஆயினும், கடலுக்கும் தமிழுக்கும் மன்னர் அவையில் இருந்த மதிப்பை அந்த ஒரு முத்துமாலை நமக்குச் சொல்லிவிடுகிறது.

அரண்மனையும் பள்ளமும்

1636ஆம் ஆண்டில் எழுந்தது திருமலை நாயக்கர் மகால். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய பருத்த தூண்கள், அவற்றின்மேல் வளைந்து செல்லும் வில் போன்ற வளைவுகள், நடுவே கவிந்து நிற்கும் சொர்க்க விலாசத்தின் உயர்ந்த கூரை ஆகியவற்றை இன்றும் காணலாம். தூண்களைத் தொட்டுப் பார்த்தால் பளிங்கு போல் வழவழக்கும். சிப்பிச் சுண்ணாம்புடன் முட்டையின் வெண்கருவைக் கலந்து பூசியதால் வந்த மெருகு அது என்பர்.

இத்தனை பெரிய மாளிகைக்கு எத்தனை செங்கல் வேண்டும்? அதற்கு எவ்வளவு மண் வேண்டும்? நகருக்குக் கிழக்கே, வைகையின் தென்பக்கத்தில், வண்டியூர் மாரியம்மன் கோயில் அருகே அந்த மண்ணைத் தோண்டினார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. அவ்வாறு தோண்டும்போது மண்ணுக்குள்ளிருந்து ஒரு பெரிய பிள்ளையார் சிலை வெளிப்பட்டது. மீனாட்சி அம்மன் கோயிலில் இன்று முக்குறுணி விநாயகர் என்று வணங்கப்படுபவர் அவரே. முக்குறுணி என்றால் 18 படி. விநாயக சதுர்த்தியன்று அவ்வளவு அரிசியை மாவாக்கி ஒரே கொழுக்கட்டையாகப் படைப்பதால் அப்பெயர் வந்தது.

சிலை கோயிலுக்குச் சென்றது. மண் அரண்மனைக்குச் சென்றது. எஞ்சியது பள்ளம். மன்னர் அதை அப்படியே விட்டுவிட்டிருந்தால் கேட்பார் யாரும் இல்லை. அவரோ அதை நாற்புறமும் சதுரமாக்கிக் கல்லால் கரை கட்டச் செய்து, 1645ஆம் ஆண்டில் தெப்பக்குளமாக ஆக்கினார்.

குளத்தின் அமைப்பு

இக்குளம் ஏறத்தாழ 1000 அடி நீளமும் 950 அடி அகலமும் உடையது. அப்படியானால் கரையோரமாக ஒரு சுற்று வந்தால் 3900 அடி, அதாவது ஒரு கிலோமீட்டருக்கும் சற்று அதிகமாக நடந்திருப்போம். பக்கத்திற்கு மூன்றாக, நான்கு பக்கங்களிலும் சேர்த்துப் பன்னிரண்டு படித்துறைகள் நீருக்குள் இறங்குகின்றன. வடகரையில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. வைகை ஆற்றிலிருந்து நிலத்தடிக் கால்வாய் வழியாகத் தண்ணீர் குளத்திற்கு வந்து சேரும்படி அமைத்திருந்தார்கள். ஆற்றில் வெள்ளம் வரும்போது குளம் நிறையும். ஆறு வற்றிய பிறகும் குளத்தில் நீர் நிற்கும்.

குளத்தின் நடுவே ஒரு தீவு. தீவில் பசுமையான மரஞ்செடிகள். அவற்றின் நடுவே கோபுரத்துடன் கூடிய மைய மண்டபம். நான்கு மூலைகளிலும் நான்கு சிறு மண்டபங்கள். கரையிலிருந்து தீவுக்குப் பாலம் கிடையாது. நீர் நிறைந்திருக்கும்போது படகில்தான் செல்லவேண்டும்.

மதுரைக்குச் சுற்றுலா சென்றபோது நாங்கள் இக்குளத்தைச் சுற்றி நடந்து பார்த்தோம். பார்த்த உடனே எல்லாம் தெரிந்துவிடுகிறதே, இதில் சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது. நடக்க நடக்கத்தான் விந்தை புரிந்தது. கரையின் நடுப்பகுதியில் நின்றால் நடுக்கோபுரத்தின் இருபுறமும் இரண்டு சிறு மண்டபங்கள் காவலர்களைப் போல் நிற்கின்றன. குளத்தின் மூலைக்கு வந்துவிட்டால், ஒரு மண்டபம் கோபுரத்திற்கு முன்னே வந்துவிடுகிறது. எதிர் மூலையில் உள்ளது பின்னே ஒளிந்துகொள்கிறது. மேலும் நடந்தால் ஒளிந்தது மீண்டும் எட்டிப் பார்க்கிறது. நடப்பவர்கள் நாம், ஆனால், நீரில் தீவே மெல்லத் திரும்புவது போல் தோன்றுகிறது!

புதுமண்டபத்திலும் இம்மன்னரின் நீர் விருப்பத்தைக் காணலாம். மீனாட்சி கோயிலின் கீழைக் கோபுரத்திற்கு எதிரே வசந்த விழாவுக்காக அவர் கட்டிய மண்டபம் அது. கோடை வெப்பம் தணிய அதனைச் சுற்றிலும் நீர் நிற்கும் அகழி அமைத்திருந்தார்கள். நீரைக் குடிப்பதற்கும் பாய்ச்சுவதற்கும் மட்டுமின்றி, கண்ணுக்கும் மனத்திற்கும் குளிர்ச்சி தருவதற்கும் பயன்படுத்தலாம் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

கடல் கடந்த உறவு

நடுவில் தீவு, சுற்றிலும் நீர், அதைச் சுற்றி நடக்கும் பாதை என்ற இந்த அமைப்பு தமிழ்நாட்டிற்கு மட்டும் உரியதன்று. நம் கடற்கரையில் 1542ஆம் ஆண்டு முதல் பணியாற்றிய புனித சவேரியார் 1549ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டிற்குச் சென்றதை நாம் படித்திருக்கிறோம். அவர் 1551ஆம் ஆண்டில் கியோட்டோ என்னும் தலைநகருக்கும் சென்றார். அந்நகரின் பௌத்தக் கோயில்கள் குளத்தோட்டங்களுக்குப் பெயர் பெற்றவை. முசோ சொசெகி என்னும் துறவி 1339ஆம் ஆண்டில் சீர்ப்படுத்திய சைஹோஜி கோயில் தோட்டம் அவற்றுள் புகழ் மிக்கது. பாசி படர்ந்த நிலமும் குளமும் தீவுகளும் கொண்டது அது. பொன் தகடு போர்த்திய மாடம் நீரில் நிழலாடும் கின்ககுஜி கோயிலின் குளத்தைப் படங்களில் பார்க்காதவர் குறைவு. திருமலை நாயக்கர் தெப்பக்குளம் அமைத்த அதே காலத்தில், கியோட்டோவின் கட்சுரா மாளிகையில் இளவரசர் ஒருவர் தம் தந்தையார் தொடங்கிய குளத்தோட்டத்தை விரிவாக்கிக்கொண்டிருந்தார்!

ஜப்பானியரின் முறை நம் முறைக்கு நேர் எதிரானது. அவர்களுடைய குளத்தின் கரை நேர்கோடாக இராது. வளைந்து நெளிந்து செல்லும். பாதை ஓரிடத்தில் மரத்தின் பின்னே மறையும், திரும்பியதும் திடீரென நீர் தெரியும், பாலம் தெரியும், இன்னும் சற்றுத் தொலைவில் வேறொரு தீவு தெரியும். எந்த இடத்தில் நின்றாலும் தோட்டம் முழுவதையும் காண முடியாது. தொலைவில் உள்ள மலையையும் தம் தோட்டத்தின் பகுதி போலவே தோன்றும்படி செய்துவிடுவார்கள். தனியாக, பேசாமல், மெல்ல நடப்பவருக்கென்று அமைந்த தோட்டங்கள் அவை.

நம் தெப்பக்குளமோ எதையும் மறைப்பதில்லை. நான்கு கரைகளில் எங்கு நின்றாலும் தீவு தெரியும். ஏன்? அது ஒருவர் தனியே நடப்பதற்காக அமைக்கப்பட்டதன்று; ஊரே கூடி நிற்பதற்காக அமைக்கப்பட்டது. கடைசியில் வந்து மூலையில் நிற்கும் ஏழைக்கும் காட்சி மறையக்கூடாது என்பது அதன் இலக்கணம். கடல்நீரைப் பாத்தி பாத்தியாகக் கட்டி உப்பு விளைக்கும் ஊரில் பிறந்த நமக்கு, சதுரமாகத் தேங்கிய நீரின் அழகைப் பிறர் சொல்லித்தர வேண்டுமா என்ன!

தெப்பத் திருநாள்

தைப்பூசம் மன்னர் பிறந்த விண்மீன் நாள் என்பர். அந்நாளை ஒட்டித் தெப்பத் திருவிழா நடைபெறுகிறது. மீனாட்சி அம்மனும் சுந்தரேசுவரரும் கோயிலிலிருந்து ஊர்வலமாக வந்து அலங்கரித்த தெப்பத்தில் அமர்வர். காலையில் இருமுறையும் மாலையில் ஒருமுறையும் தெப்பம் தீவைச் சுற்றிவரும். அதற்குத் துடுப்பும் இல்லை, பாயும் இல்லை. கரையில் நிற்கும் மக்கள் வடம் பிடித்து இழுக்க, தெப்பம் நீரில் நகரும். இரவில் விளக்குகள் எல்லாம் தண்ணீரில் இரண்டிரண்டாகத் தெரியும்.

நாம் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மன்னர் தம் பிறந்தநாளை அரண்மனைக்குள் விருந்து வைத்துக் கொண்டாடியிருக்கலாம். அவரோ அதை ஊருக்கு வெளியே திறந்த கரையில் மக்களிடம் கொடுத்து, வடத்தையும் அவர்கள் கையில் கொடுத்துவிட்டார்.

இறுதி நாட்கள்

அவர் வாழ்க்கை முழுவதும் விழாவாக இருக்கவில்லை. ஆட்சிக்காலம் நெடுகிலும் போர்கள் நடந்தன. சேதுபதியோடு போர், விசயநகரப் பேரரசரோடு பகை, வடக்கிலிருந்து வந்த சுல்தான்களின் படைகள் என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அக்காலத்தில் மதுரைப் பகுதியில் பணியாற்றிய இயேசு சபைக் குருக்கள் எழுதிய கடிதங்கள் மன்னரின் பெருமையையும் கூறுகின்றன. போர்களால் குடிமக்கள் பட்ட பாட்டையும் மறைக்காமல் கூறுகின்றன.

ஆட்சியின் இறுதியில், மைசூர்ப் படை மதுரை நாட்டிற்குள் புகுந்து, அகப்பட்டவர்களின் மூக்கை அறுத்தது. மன்னர் நோயுற்றுப் படுத்திருந்த நேரம். முன்பு பகைவராக இருந்த சேதுபதி மரபினரே இப்போது கை கொடுத்தனர். இரகுநாத சேதுபதி தம் மறவர் படையுடன் விரைந்து வந்து எதிரிகளை விரட்டினார். பின்னர் மன்னரின் தம்பி குமாரமுத்து படையுடன் மைசூருக்குச் சென்று அதே கொடுமையைத் திருப்பிச் செய்தார். வரலாறு இதனை மூக்கறு போர் என்று குறித்து வைத்துள்ளது. வெற்றியானாலும் இதில் பெருமைப்பட எதுவும் இல்லை. இரு பக்கத்திலும் துன்புற்றவர்கள் எளிய மக்களே. 1659ஆம் ஆண்டில் திருமலை நாயக்கர் மறைந்தார்.

எது நிலைத்தது?

மன்னரின் பேரர் சொக்கநாத நாயக்கர் தலைநகரை மீண்டும் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றினார். அங்கே மாளிகை கட்டுவதற்காக மதுரை அரண்மனையின் பல பகுதிகளை இடித்து எடுத்துச் சென்றார். மேலும் பல பகுதிகள் காலத்தால் அழிந்தன. 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு பழுது பார்த்ததால்தான் எஞ்சிய பகுதியாவது தப்பியது. இன்று நாம் காண்பது பழைய அரண்மனையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே. மீனாட்சி கோயிலுக்குக் கிழக்கே மன்னர் தொடங்கிய இராயகோபுரம் முடியவே இல்லை, அடிப்பகுதியோடு நின்றுவிட்டது.

மண்ணை எடுத்துக் கட்டிய மாளிகை குறைந்துபோயிற்று. மண் எடுத்த பள்ளமோ முழுமையாக இருக்கிறது! தமக்கென்று கட்டியதை அவர் பேரரே இடித்தார். ஊருக்கென்று கொடுத்ததை எவரும் இடிக்கவில்லை.

ஆனால், குளத்திற்கும் ஒரு சோதனை வந்தது. கால்வாய்கள் அடைபட்டு, வைகையின் நீர் வராமல் போயிற்று. நீண்ட காலம் குளம் வறண்டு கிடந்தது. சிறுவர்கள் அதற்குள் இறங்கிக் கிரிக்கெட் விளையாடினார்கள். நீர் இல்லாத ஆண்டுகளில் தெப்பம் நகராமல் ஓரிடத்திலேயே நின்றதும் உண்டு. கல்லும் கரையும் படியும் அப்படியே இருந்தும், வாய்க்கால் ஒன்று இல்லாமையால் குளம் மறுபடியும் குழியாகிவிட்டது. அண்மை ஆண்டுகளில் வாய்க்காலைச் சீர்செய்து வைகை நீரைக் கொண்டுவந்து நிரப்பிய பிறகே, தீவு மீண்டும் தன் நிழலைத் தண்ணீரில் கண்டது.

குழியைக் குளமாக்குவது ஒரு மன்னரால் முடிந்தது. குளம் குழியாகாமல் காப்பதோ மன்னரால் மட்டும் முடிவதன்று. வாய்க்காலில் குப்பை கொட்டாதவரும், அடைப்பைக் கண்டால் எடுத்துச் சொல்பவரும், மண் மூடினால் அள்ளுபவரும் ஆண்டுதோறும் இருக்கவேண்டும். குடிநீருக்குக் குடத்துடன் காத்து நிற்பதன் அருமை, உப்புக்காற்று வீசும் ஊரில் வளரும் நமக்குத் தெரியாததன்று. நம் மாவட்டத்திலும் தாமிரபரணி நீரை நம்பிய குளங்கள் எத்தனையோ உள்ளன. அவற்றைத் தோண்டியவர்களின் பெயர் பலவற்றுக்கு நமக்குத் தெரியாது. ஆயினும் அவர்கள் கொடுத்த நீரை நாம் குடிக்கிறோம்.

தோழியரே! அடுத்த முறை மதுரைக்குச் சென்றால் மகாலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். தெப்பக்குளத்திற்கும் செல்லுங்கள், ஒரு சுற்று முழுவதும் நடங்கள். நான்கு சிறு மண்டபங்களும் ஒளிந்து விளையாடுவதைப் பாருங்கள். தெப்பத்தை இழுக்கும் வடத்தின் நுனி கரையில் நிற்பவர் கையில்தான் இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.